கொபினாவுக்குச் சொல்லாத சாவு

என் மாமியார் அராபா செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஜனவரி மாதம், ஹர்மட்டான் என்கிற வறண்ட காற்று அடித்து ஊர் முழுக்கப் புழுதி படிந்து கிடந்த நேரம். மீனுக்குப் புகை போடுகிற அடுப்புக்கு விறகு எடுக்கப் போனவள், தலை சுற்றுகிறது என்று சொல்லி முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் மொண்டு வருவதற்குள் போய்விட்டாள். உயிரோடு இருந்தவரை யாரையும் காக்க வைக்காத மனுஷி அவள். செத்த பிறகு எல்லாரும் சேர்ந்து அவளை ஜூன் மாதம் வரைக்கும் காக்க வைத்தார்கள்.

பிணத்தைக் காக்க வைப்பது எங்கள் துறைமுக ஊரான செகொண்டியில் அதிசயமில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வர வேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பந்தலுக்கு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஐஸ் அறையில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வர வேண்டிய பிள்ளைக்கே சொல்லாமல் காக்க வைத்ததை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பிள்ளை கொபினா. என் புருஷன் ஜோஜோவின் தம்பி. கொபினா எசுமான் என்ற பேரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டிருந்தால்தான் ஆச்சரியம். ஐரோப்பாவில் கால்பந்து ஆடுகிறவன்தான், ஆனால் டிஃபென்டர். கோல் போடுகிறவன் பேரை ஜனங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். கோலைத் தடுக்கிறவன் பேர், அவன் தடுக்கத் தவறிய அன்றைக்குத்தான் ஊர் வாயில் வருகிறது. சின்ன வயதில் துறைமுகத்து மைதானத்தில் ஆடும்போது அவனுக்குக் 'கதவு' என்று பட்டப்பேர் வைத்தார்கள். அவனைத் தாண்டி எவனும் உள்ளே போக முடியாதாம். பிறகு பெல்ஜியத்தில் ஒரு மேட்சில் அவன் வழுக்கி விழுந்து கோல் போனதும், அதே ஜனம் என் தையல் கடை வாசலில் நின்று கதவுக்குக் கீல் கழன்றுவிட்டது என்று சிரித்தது. நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் கலைந்தார்கள்.

பத்தொன்பது வயதில் ஒரு ஏஜென்ட் அவனை செர்பியாவுக்குக் கூட்டிப் போனான். அங்கே காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு தூங்கினான். பிறகு நார்வேக்கு வடக்கே ஓர் ஊர். மத்தியானமே இருட்டிவிடும் என்று சொல்வான், என் மாமியார் நம்பமாட்டாள், பிள்ளை எதையோ மறைக்கிறான் என்பாள். பிறகு சைப்ரஸ். அங்கே ஒரு கல்யாணமும் நடந்து முடிந்தும் போனது. கடைசியாக பெல்ஜியத்தில் இரண்டாம் டிவிஷன். நாட்டு அணிக்கு ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தான், உட்கார்ந்தபடியே திரும்பிப் போனான். அந்தச் சட்டையை என் மாமியார் இஸ்திரி போட்டு, பைபிளுக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள்.

ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் அவன் அம்மாவுக்கு ஃபோன் செய்வான். என் ஃபோனில்தான், ஏனென்றால் அந்த வீட்டில் என் ஃபோன்தான் ஒழுங்காக வேலை செய்யும். வலது முழங்காலில் கை வை என்பாள், வைப்பான். அவள் ஜெபம் சொல்வாள், அவன் ஆமென் சொல்வான். அது இல்லாமல் அவன் மைதானத்தில் காலெடுத்து வைத்ததே கிடையாது. மெதடிஸ்ட் சபையில் அவள் ஜெபத்துக்குத் தனி மரியாதை உண்டு. பாதிரியாரே அவளுக்குப் பிறகு ஜெபம் செய்யக் கூச்சப்படுவார்.

அவள் செத்த அன்று சாயங்காலமே அமிஸா மாமா வந்துவிட்டார். என் மாமியாருக்கு அண்ணன், கொபினாவுக்குத் தாய்மாமன், அந்தக் குலத்துக்குத் தலைவர். எங்கள் பக்கம் பிள்ளைகள் தாய் வழியில் சேர்கிறவர்கள். அதனால் அந்த வீட்டில் தாய்மாமன் இருமினால்கூட எதற்கு இருமினார் என்று யோசிப்பார்கள். நான் வேறு குலம். நான் பெற்ற பிள்ளைகளும் என் குலம்தான். எத்தனை வருஷம் அந்த முற்றத்தைப் பெருக்கினாலும், பெரிய பேச்சு என்று வந்தால் நான் ஓரமாக நிற்க வேண்டியவள்.

குலத்தலைவர் மதுப் பாட்டிலை நடுவில் வைத்து, இன்னார் போய்விட்டார் என்று வாயால் சொல்கிற வரைக்கும் எங்கள் ஊரில் சாவு சாவாகாது. யாரும் வாய்விட்டு அழக் கூடாது. வாசலில் சிவப்புத் துணி கட்டக் கூடாது. தெரு முழுக்கத் தெரிந்திருக்கும், இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வழக்கமாக இது சில நாள் விவகாரம். அமிஸா மாமா அதை மே மாதக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டார்.

காரணம் இல்லாமலில்லை. கொபினாவுக்கு வயது முப்பத்திரண்டு. முழங்காலில் ஆபரேஷன் கத்தி பட்டவன். கான்ட்ராக்ட் அந்த சீசனோடு முடிகிறது. கிளப் கடைசி இடங்களில் தத்தளித்துக்கொண்டிருந்தது. டிவிஷனில் தங்கினால் அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆட்டமும், பிறகு அங்கேயே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கீழே இறங்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மா செத்தாள் என்று தெரிந்தால் அவன் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான் என்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பிப் போகும்போது அவன் இடத்தில் வேறொருத்தன் நிற்பான்.

"செத்தவ எங்கயும் ஓடப் போறதில்ல. பையனோட வேலைதான் ஓடிப் போயிரும்" என்றார் மாமா.

ஜோஜோ தலையைக் குனிந்துகொண்டார். என் புருஷனுக்கு மாமாவின் முன்னால் கழுத்து அந்த ஒரு பக்கம்தான் வளையும். சனிக்கிழமை மேட்சுக்கு முன்னால் கொபினா ஃபோன் செய்வானே, யார் எடுப்பது என்று ஓரத்திலிருந்து நான்தான் கேட்டேன். எல்லார் கண்ணும் எஃபுவா பக்கம் திரும்பியது.

எஃபுவா என் மாமியாரின் தங்கை. பிள்ளை இல்லாதவள். கொபினாவை இடுப்பில் சுமந்து வளர்த்ததில் பாதி அவள். எங்கள் வழக்கத்தில் தாயின் தங்கையும் தாய்தான், அவளையும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அக்கா தங்கை இரண்டு பேர் குரலும் ஒன்று. சந்தையில் முதுகுக்குப் பின்னால் கேட்டால் எனக்கே குழம்பும். சிரிப்பு மட்டும்தான் வேறு. என் மாமியார் சிரிக்கவே மாட்டாள், எஃபுவா எதற்கும் சிரிப்பாள். நீ சிரிக்காமல் மட்டும் இரு, போதும் என்றார் மாமா.

"நானும் அவனுக்கு அம்மாதானே" என்றாள் எஃபுவா. யாரும் அவளிடம் இல்லை என்று சொல்லவில்லை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேமரா உடைந்துவிட்டது, முகம் தெரியாது என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். எஃபுவாவின் மேலுதடு வியர்த்திருந்தது. செத்து நாலு நாள்கூட ஆகாத அக்காவின் குரலை எடுத்து, முழங்காலில் கை வை மகனே என்றாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவன் ஆமென் சொன்னான். மூக்கடைத்த மாதிரி இருக்கிறதே அம்மா என்று கேட்டான். ஹர்மட்டான் புழுதி என்றாள். ஃபோனை வைத்ததும் உடுத்தியிருந்த துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சத்தம் வரக் கூடாதே. அக்காவுக்காக அழக்கூட அவளுக்கு அனுமதி இல்லை.

அன்று கொபினா நன்றாக ஆடினான். அதுதான் வினையாகப் போயிற்று. தோற்றிருந்தால் ஒருவேளை மாமா வேறு மாதிரி யோசித்திருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் எஃபுவா மேல் பழி போடுகிற மாதிரி இருக்கும், பரவாயில்லை. நாள் போகப் போக அவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடித்துப்போயின. குளித்து, கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, அவன் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். என்ன சாப்பிட்டாய், போர்வை போதுமா, அந்த உயரமான பையனை எப்படி மறித்தாய் என்று கேட்பாள். என் மாமியார் அவ்வளவெல்லாம் கேட்கிறவளே இல்லை. ஜெபத்தை முடித்தால் ஃபோனை என் கையில் கொடுத்துவிடுவாள். அம்மாவுக்கு வயதாக ஆகப் பேச்சு கூடிவிட்டது அண்ணி என்று அவன் ஒரு நாள் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு ஊசி விரலில் ஏறியது.

மார்ச் மாதம் அவனுக்கு முழங்கால் மறுபடி வீங்கியது. கோச் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, இருபது வயதுப் பையன் ஒருத்தனை இறக்கினார். அந்தச் சனிக்கிழமை மாமாவும் கடையில் இருந்தார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மா, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றான் கொபினா. "நான் வீட்டுக்கு வரட்டா? ஒண்ணும் வேணாம், உன் கையால கென்கேயும் பொரிச்ச மீனும் தின்னுட்டு உன் பக்கத்துல சும்மா படுத்துக் கிடக்கணும். எனக்கு ரொம்ப அசதியா இருக்கும்மா. வான்னு சொல்லு, இன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்."

எஃபுவா மாமாவைப் பார்த்தாள். அவர் தலையை இடவலமாக ஆட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வராதே" என்றாள். "இப்ப எழுந்து வந்தா உன் இடம் போயிரும். உன் அம்மா எங்கயும் போயிடல. சீசன் முடியட்டும், அப்புறம் வா. முழங்கால்ல கை வை."

சரிம்மா என்றான். ஆமென் சொன்னான்.

மாமா திருப்தியாக எழுந்து போனார். எஃபுவா என்னிடம், "அக்கா இருந்திருந்தா வேற என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டாள்.

"வாடான்னு சொல்லியிருப்பாங்க" என்றேன். எனக்கு அன்று வாயை அடக்க முடியவில்லை. "கான்ட்ராக்டாவது மண்ணாவதுன்னு சொல்லியிருப்பாங்க. அவன் குரல் கேக்கலையா உங்களுக்கு அத்தை?"

"நீ வெளியிலேருந்து வந்தவ டொர்கஸ்" என்றாள். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும். நீ பட்டன் தை."

பட்டன் தைத்தேன். அன்று தைத்த சட்டை எல்லாவற்றிலும் பட்டன் கோணல்.

அவனிடம் நானே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் அம்மாகூடக் கேட்டாள். குலம் அறிவிக்காத சாவை வேறு குலத்துப் பெண் அறிவித்தால் அவளைப் புருஷனோடு சேர்த்துத் தெருவில் நிறுத்துவார்கள். அதைவிட, சாவுச் செய்தியை எங்களில் யாரும் ஃபோனில் சொல்ல மாட்டோம். ஆளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் இன்னது என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். தனியாக ஓர் அறையில் நிற்கிறவன் காதில் அதைப் போட்டுவிட்டு ஃபோனை வைக்க என்னால் ஆகியிருக்காது.

ஏப்ரலில் அவன் அம்மாவுக்குப் புது ஃபோன் அனுப்பினான். பெல்ஜியத்திலிருந்து ஊருக்கு வந்த ஒரு டாக்ஸி டிரைவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். நல்ல கேமரா. அம்மா முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எழுதியிருந்தான். வீட்டில் ஆளாளுக்கு முழித்தோம். பெட்டியைப் பிரிக்காமலே மாமா வாங்கிக்கொண்டு போனார். கொண்டு வந்தவர் அக்ராவில் எங்கோ தங்கிவிட்டார், இன்னும் கைக்கு வரவில்லை என்று ஜோஜோ சொன்னார். கொபினா அந்த டாக்ஸி டிரைவரைத் திட்டித் தீர்த்தான். பாவம், அந்த மனிதர் செய்த ஒரே தப்பு சொன்ன தேதியில் கொண்டுவந்து சேர்த்தது.

கடைசி மேட்ச் மே மாதம். ட்ரா செய்தால் கிளப் தங்கும். பெஞ்சில் இருந்த கொபினாவை கோச் மறுபடி இறக்கினார், இருபது வயதுப் பையனுக்குக் கால் நடுங்கியதாம். ஜோஜோவின் ஃபோனில் படம் விட்டு விட்டு வந்தது. தெருவே என் கடைக்குள் நின்றது. கடைசி நிமிஷங்களில் பந்து கோல்கீப்பரைத் தாண்டி உருண்டுவிட்டது. எங்கிருந்தோ கொபினா வந்து விழுந்து, கோட்டுக்கு முன்னால் இடுப்பைக் கொடுத்து வெளியே தள்ளினான். படம் நின்றுபோனது. மறுபடி வந்தபோது எல்லாரும் அவன் மேல் விழுந்து கிடந்தார்கள். கதவுக்குப் புதுக் கீல் போட்டாச்சு என்று யாரோ கத்தினார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மைதானத்திலிருந்தே கூப்பிட்டான். பின்னால் ஒரே இரைச்சல். அழுதுகொண்டே பேசினான்.

"அம்மா, தங்கிட்டோம். கையெழுத்து போடக் கூப்பிட்டுட்டாங்க. உன்னாலதாம்மா. மார்ச்ல நீ வான்னு மட்டும் சொல்லியிருந்தா இன்னிக்கு நான் இங்க இல்ல. அடுத்த மாசம் வரேன். உன் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

எஃபுவா என்ன சொல்ல வேண்டும் என்று மாமா சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தப் பக்கம் இரைச்சலில் கொபினாவின் பேச்சு ஒரு நொடி நின்றது. ஆனால் யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஃபோன் அறுந்தது.

அடுத்த வாரம் அவன் ஊரில் இருந்த எங்கள் நாட்டுப் பாதிரியாரும் அங்குள்ள எங்கள் ஆட்களின் சங்கத் தலைவரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். முறைப்படி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொன்னார்களாம். எப்போது என்று மட்டும் கேட்டானாம். அவர்கள் சொன்னதும் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போய்வாருங்கள் என்றானாம். அதே நாள் இங்கே மாமா மதுப் பாட்டிலை வைத்து அறிவித்தார். வாசலில் சிவப்புத் துணி ஏறியது. எஃபுவா மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். அத்தனை மாதம் அடைத்து வைத்தது. ஊரே வந்து அவளைத் தூக்கிப் பிடித்தது. அவள் அழுகை முடிந்தபோது எங்கள் எல்லாருடைய அழுகையும் முடிந்திருந்தது. அவனுடையது அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

அவன் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. வருகிற தேதியை மட்டும் அண்ணனுக்கு எழுதினான்.

வந்து இறங்கியபோது மழைக்காலம். வீட்டுக்குப் புது வெள்ளையடித்திருந்தது. சுவரெல்லாம் போஸ்டர், அம்மா படத்துக்குச் சரிசமமாக அவன் படம். பந்தல்காரன், மேளக்காரன், எந்தத் துணி எடுப்பது என்று ஆளாளுக்குச் சண்டை. அதற்கு நடுவில் அவன் கொஞ்சம் நொண்டிக்கொண்டு நடந்து வந்தான். எல்லாரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள், கட்டிக்கொண்ட கையோடு பந்தல் வேலையைப் பார்க்கப் போனார்கள். எஃபுவா கிட்டே வந்தபோது அவன் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தான்.

மறுநாள் காலை என் கடைக்கு வந்து, சட்டை தைக்கக் கொடுத்தவன் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அண்ணி, மார்ச்ல எங்கிட்ட வராதேன்னு சொன்னது யாரு?"

மிஷினை நிறுத்தினேன். இவனுக்கு இந்த வீட்டில் எத்தனை பொய் சொல்லியாகிவிட்டது. "உங்க சின்னம்மா" என்றேன். "மாமா தலையாட்டினாரு. சொன்னது அவங்க."

"அவங்களா சொன்னாங்களா, யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"அவங்களாத்தான் சொன்னாங்க. ஆனா அவங்க உன் மேல வச்சிருக்கிற பாசம் பொய் இல்லப்பா. அதையும் சேத்துத்தான் பாக்கணும்."

"அந்தச் சிரிப்பு யாரோடதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றான். "அன்னிக்கு மைதானத்துல நின்னுக்கிட்டே தெரிஞ்சுது. ஒரு வாரம் நான் என்னையே ஏமாத்திக்கிட்டேன்." எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை அடக்கம். அப்படி ஒரு கூட்டம் செகொண்டி இந்தச் சில வருஷத்தில் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். என் மாமியாரை வெள்ளை லேஸ் துணியில் படுக்க வைத்திருந்தார்கள். ஐஸில் கிடந்த முகம் சின்னதாகி, கறுத்து, வேறு யாரோ மாதிரி இருந்தது. கொபினா பெட்டியின் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தான். அடையாளம் தேடுகிற மாதிரி பார்த்தான். பாவிகள், அவனுக்கு அவள் முகத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை குலம் கூடியது. அடக்கத்துக்குப் பிறகு செத்தவர் இடத்தில் ஒருத்தரை உட்கார வைப்பது எங்கள் முறை. தாய் செத்தால் அவள் தங்கையைக் கூப்பிட்டு, பிள்ளைகளை நிறுத்தி, இனி இவள்தான் உங்கள் தாய் என்று ஒப்படைப்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாய் மது வாங்கி அவள் கையால் குடித்தால் முடிந்தது. அதற்குப் பிறகு தாயில்லாப் பிள்ளை என்று அவர்களை யாரும் சொல்லக் கூடாது. நான் பார்த்த வரைக்கும் எங்கள் முறைகளிலேயே மனசுக்கு ஆறுதலான முறை அதுதான். எஃபுவா அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கறுப்புத் துணியை மூன்று தடவை மாற்றிக் கட்டினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். பெறாத வயிற்றுக்கு, ஊர் அறிய, முறையாகக் கிடைக்கப் போகிற பிள்ளை.

மாமா அவளை என் மாமியாரின் நாற்காலியில் உட்கார வைத்தார். ஜோஜோ முதலில் போய் அவள் கையால் குடித்தார். கொபினா எழுந்தான், ஆனால் கிட்டே போகவில்லை.

"எங்கம்மா ஜனவரியில செத்தாங்க" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "அதுக்கப்புறம் ஃபோன்ல எனக்கு ஒரு அம்மா இருந்தாங்க. நான் வரட்டான்னு கேட்டேன், வராதேன்னாங்க. அந்த அம்மாவும் போன மாசம் செத்துட்டாங்க. ரெண்டு பேரைப் புதைச்சிட்டேன் மாமா. மூணாவதா யாரையும் உக்கார வெக்காதீங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மாமாவுக்கு முகம் சுருங்கியது. உன் நன்மைக்குத்தானே செய்தோம், இன்றைக்கு உன் கையில் இருக்கிற கான்ட்ராக்ட் யார் காப்பாற்றிக் கொடுத்தது என்று கேட்டார்.

"கையெழுத்து போட்டாச்சு மாமா. ஆடிடறேன்" என்றான். "எல்லாருக்கும் வேண்டிய பணம் வந்து சேரும்."

எஃபுவாவின் கையில் அவனுக்காக ஊற்றிய மது அப்படியே இருந்தது. கொஞ்சம் மடியில் சிந்தியது. அதை வாங்கிக் கீழே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அங்கே போக எனக்கு உரிமை இல்லை. ஜோஜோ பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கொபினா மேலும் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நிமிஷம் நடித்தாவது குடித்திருக்கலாம். பிறகு நினைத்தேன், அந்த வீட்டில் அத்தனை பேர் நடித்தது போதாதா.

புதன்கிழமை அவன் கிளம்பினான். பயிற்சி ஆரம்பிக்கிறதாம். டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். மாமா கையைக் குலுக்கினான், அண்ணனைக் கட்டிக்கொண்டான், என் பிள்ளைகளின் தலையைத் தடவினான். எஃபுவா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், கையெல்லாம் கரி. புகை போட்ட மீனை இலையில் சுற்றி நீட்டினாள். அவன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி, வரேன்" என்றான்.

எங்கள் ஊரில் ரொட்டி விற்கிறவளும் ஆன்ட்டி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளும் ஆன்ட்டி. டாக்ஸி துறைமுகத்துப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் எஃபுவா கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கரிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

"அவன் என்னை என்னன்னு கூப்பிட்டான், டொர்கஸ்? உனக்குக் கேட்டுச்சா?"

டாக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன்.